ஹா காவில் தொடங்குங்கள்: டிம் சம் தரம் பார்க்கும் முறை

டிம் சம் என்பது தேநீரோடு சிறு சிறு தட்டுகளாக வரும் தென்சீனக் கான்டனீஸ் சிற்றுண்டிகள். ஒரு டிம் சம் உணவகத்தின் தரத்தை அறிய அதன் பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும் சாப்பிட வேண்டியதில்லை. ஐந்தாறு தட்டுகள் போதும். எந்த ஐந்தாறு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குவாங்சோவிலும் ஹாங்காங்கிலும் டிம் சம் சமையலறைகள் வேலையைப் பிரித்துக்கொண்டுதான் இயங்குகின்றன. மாவு பிசைந்து மடிப்பவர்கள் ஒரு பக்கம், பூரணம் கலப்பவர்கள் ஒரு பக்கம். ஆவி அடுப்புக்கு ஓர் ஆள், எண்ணெய்ச் சட்டிக்கு ஓர் ஆள், அரிசித் தாள் ஊற்ற ஓர் ஆள், 'அவன்' எனப்படும் சுடும் அடுப்புக்கு ஓர் ஆள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒன்றை வரவழைத்தால் சமையலறை முழுவதையும் பார்த்தாகிவிடும்.

பார்க்க வேண்டியவை இரண்டு: தோல் (பூரணத்தைச் சுற்றியிருக்கும் மாவு), நேரம். பூரணத்தின் ருசியைச் சர்க்கரையாலும் சிப்பிச் சாஸாலும் ஓரளவு தூக்கிவிடலாம். தடித்துப்போன தோலையும், பத்து நிமிடம் அதிகமாக ஆவியில் நின்றதையும் எதனாலும் மறைக்க முடியாது. அதனால் முதல் துண்டைச் சாஸ் தொடாமல் சாப்பிடுங்கள். மிளகாய் எண்ணெயும் கடுகுச் சாஸும் இரண்டாவது துண்டுக்கு.

டிம் சம் சாப்பிடப் போவதை கான்டனீஸ்காரர்கள் 'யம் சா', அதாவது தேநீர் குடிப்பது என்றுதான் சொல்வார்கள். உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வியே எந்தத் தேநீர் என்பதுதான். மல்லிகைத் தேநீர் மணமானது. ஆனால் அந்த மணம் இறாலின் மெல்லிய வாசனையை அமுக்கிவிடும். தரம் பார்க்கும் அன்றைக்கு போ லே (மற்ற இடங்களில் பு-எர் என்பார்கள்) அல்லது சௌ மெய் வாங்குவது நல்லது. போ லே கொழுப்பைக் கழுவி வாயை அடுத்த தட்டுக்குத் தயாராக்கும். கெட்டிலின் மூடியைச் சற்று விலக்கி வைத்தால் வெந்நீர் நிரப்பக் கேட்பதாகப் பொருள். உங்கள் கோப்பையில் ஒருவர் தேநீர் ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டினால் அதுவே நன்றி.

அடுத்தது நேரம். இன்று பெரும்பாலான கடைகளில் சீட்டில் குறித்துக் கொடுத்தால் சமைத்துத் தருகிறார்கள். ஹாங்காங் சிட்டி ஹாலில் உள்ள மேக்சிம்ஸ் பேலஸ் போன்ற சில இடங்களில் மட்டும் தள்ளுவண்டி இன்னும் ஓடுகிறது. வண்டி பார்க்க அழகுதான், ஆனால் டிம் சம் வைத்த மூங்கில் கூடை அதில் எவ்வளவு நேரம் சுற்றியது என்பது உங்களுக்குத் தெரியாது. வண்டிக் கடை என்றால் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மேசை கேளுங்கள். வெளியே வந்தவுடன் எடுங்கள். சீட்டுக் கடையில் ஆவியில் வெந்த கூடை வர எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம் ஆவது இயல்பு. எழுதிக் கொடுத்த இரண்டாவது நிமிடமே ஹா காவ் (இறால் மடிப்பு) வந்தால் அது ஏற்கெனவே வெந்து காத்திருந்த கூடை.

எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. எட்டுக் கூடைகள் ஒன்றாக வந்து இறங்கும், நான்கு ஆறிப்போகும், பழி சமையல்காரர் மேல் விழும். முதலில் மூன்று தட்டு, அவை பாதி தீர்ந்ததும் அடுத்த மூன்று என்று கேட்பதே சரி.

ஹா காவ்: தோலே பரீட்சை

ஹா காவ் என்பது இறால் பூரணம் வைத்த, ஆவியில் வேகவைத்த சிறு மடிப்பு. சமையல்காரரின் கையை அளக்க கான்டனீஸ்காரர்கள் முதலில் தொடுவது இதைத்தான். காரணம் அதன் மாவு. பசைத்தன்மை தரும் புரதத்தை நீக்கிவிட்ட கோதுமை ஸ்டார்ச்சும் மரவள்ளி ஸ்டார்ச்சும் சேர்ந்தது அது. பொதுவான ஓர் அளவு: கோதுமை ஸ்டார்ச் 150 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 50 கிராம், தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் சுமார் 280 மில்லி, கொஞ்சம் பன்றிக் கொழுப்பு, ஒரு சிட்டிகை உப்பு. கொதிநீரை ஒரே மூச்சில் ஊற்றி, வேகமாகக் கிளறி, ஐந்து நிமிடம் மூடி வைத்து, சூட்டோடு பிசைய வேண்டும். கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்: தண்ணீர் கொதிக்காவிட்டால் மாவு வேகாது, வேகாத மாவு மடிக்கும்போது வெடிக்கும்.

மாவில் இழுவிசை கிடையாது என்பதால் உருட்டுக்கட்டையால் மெல்லியதாகத் தேய்ப்பது கடினம். எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் தட்டையான பக்கத்தை உருண்டை மேல் அழுத்தி, ஒரு சுழற்றுச் சுழற்றினால் ஏழெட்டு சென்டிமீட்டர் வட்டம் விரியும். ஓரம் நடுவைவிட மெல்லியதாக இருந்தால்தான் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் தடிக்காது. மடிப்பு ஒரு பக்கத்தில் மட்டும் வரும். மறுபக்கம் வழுவழுப்பாக இருக்கும். ஏழுக்குக் குறைந்தால் அவசர வேலை, பத்துக்கு மேல் நல்ல கை. 13 என்ற பழைய இலக்கணத்தையும் சொல்வார்கள். மடிப்பை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். 13 மடிப்பு போட்டும் தோல் தடித்திருந்தால் அது வெறும் அலங்காரம்.

இப்போது ஒன்றைக் குச்சியால் எடுங்கள். அடியில் உள்ள காகிதத்தில் ஒட்டாமல், கிழியாமல், பூரணத்தின் பாரத்தைத் தாங்கி எழும்ப வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் இறாலின் இளஞ்சிவப்பு தோலுக்குள்ளிருந்து தெரிய வேண்டும். கடிக்கும்போது தோல் மென்மையாக, சற்றே இழுத்து அறுபட வேண்டும். பல்லில் அப்பக் கூடாது. அடுத்த நொடி இறால் நறுக்கென்று உடைந்து, நாக்கில் கொஞ்சம் சாறு இறங்க வேண்டும். இவ்வளவும் ஒரே கடியில் நடக்கும்.

தப்பினால் காரணத்தையும் அந்தத் தோலே காட்டும். வெள்ளையாக, ஒளிபுகாமல் இருந்தால் தண்ணீர் போதிய சூடில்லை அல்லது வேக்காடு போதவில்லை. பிசுபிசுத்து ஒட்டினால் மரவள்ளி அதிகம், அல்லது ஆவியில் அதிக நேரம் நின்றிருக்கிறது. ஐந்தாறு நிமிடம் பலமான ஆவியே இதற்குப் போதும். ஓரம் காய்ந்து விறைத்திருந்தால் அடுப்பிலிருந்து இறக்கி வெகுநேரம் ஆகிவிட்டது. அடிப்பக்கம் உடைந்து சாறு ஓடியிருந்தால் பூரணத்தில் ஈரம் அதிகம். ஆனால் மேசையில் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தோல் மங்கலாகி இறுகிவிட்டது என்று குறை சொல்லக் கூடாது. ஆறினால் ஸ்டார்ச் இறுகுவது அதன் குணம். மூன்று நான்கு நிமிடத்துக்குள் சாப்பிடுங்கள்.

பூரணத்தில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இறாலை உப்பும் ஸ்டார்ச்சும் போட்டுத் தேய்த்து, குளிர்ந்த ஓடும் நீரில் அலசி, துணியில் ஈரம் போக ஒற்றி எடுப்பார்கள். பாதியைத் துண்டாகவே வைத்து, மீதியைக் கத்தியின் பக்கவாட்டால் நசுக்கி, உப்பு சேர்த்து ஒரே திசையில் கலக்கினால் புரதம் கசிந்து பிடிப்பு வரும். பொடியாக நறுக்கிய பன்றிக் கொழுப்பு சாறு தரும், மூங்கில் குருத்து கரகரப்பு தரும். வெள்ளை மிளகு, நல்லெண்ணெய், சர்க்கரை எல்லாம் அளவாகத்தான். அந்த நல்லெண்ணெயும் வறுத்த எள்ளில் ஆட்டியது என்பதால் ஒரு துளி கூடினாலும் அதன் மணம்தான் முன்னால் நிற்கும். இறாலுக்கு மொறுமொறுப்பு வர சிலர் சோடா போன்ற காரப்பொருளில் ஊறவைப்பார்கள். சிறிதளவு தவறில்லை. மிஞ்சினால் இறால் கண்ணாடியாக மின்னும், ரப்பராகத் துள்ளும், இறாலின் ருசி மட்டும் இருக்காது. மொறுமொறுப்பைப் பார்த்து மயங்காமல், மென்று முடித்த பிறகு கடல் இனிப்பு மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

சியு மாய்

இங்கே தோலைவிடப் பூரணமே பெரிது. மேல்பக்கம் திறந்திருக்கும், மஞ்சள் தோல் இடுப்புவரை இறுக்கிப் பிடித்திருக்கும். பன்றி இறைச்சி, இறால், கொஞ்சம் ஷிடாகே காளான். நல்ல கடையில் இறைச்சியை இயந்திரத்தில் அரைக்காமல் கையால் சிறு கட்டங்களாக நறுக்குவார்கள். ஏழு பங்கு கறி, மூன்று பங்கு கொழுப்பு. உப்புப் போட்டு ஒட்டும்வரை கலக்கி, கிண்ணத்தில் அடித்து அடித்து இறுக்குவார்கள். கடித்தால் கட்டம் கட்டமாகத் தெரிய வேண்டும், அதே சமயம் உதிரக் கூடாது. ஒரே கூழாக, பந்தாகத் துள்ளினால் அரைத்த இறைச்சியில் ஸ்டார்ச் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். உலர்ந்து மணல்மணலாக இருந்தால் கொழுப்பைக் குறைத்துவிட்டார்கள். தோலின் மேல் விளிம்பு காய்ந்து நின்றால் கூடை காத்திருந்தது. உச்சியில் இருக்கும் ஆரஞ்சுப் புள்ளி நண்டு முட்டையா கேரட்டா என்பதற்கு அதிக மதிப்பெண் தர வேண்டாம். அது நிறத்துக்காக வைப்பது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஹலால் கடைகள் சியு மாயைக் கோழியில் செய்கின்றன. அதை அதன் வழியில் பார்க்க வேண்டும். கோழியில் பன்றிக் கொழுப்பின் சாறு வராது. பன்றி இறைச்சி தவிர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: ஹா காவ் பூரணத்திலும், வூ கோக் (பொரித்த சேப்பங்கிழங்குப் பண்டம்) மாவிலும், முட்டைத் தார்ட் என்ற இனிப்பின் மாவு ஓட்டிலும்கூடப் பன்றிக் கொழுப்பு வழக்கமாகச் சேரும். மாட்டிறைச்சி உருண்டைக்கும் பல சமையலறைகளில் அதைச் சேர்க்கிறார்கள். பட்டியலில் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் கேட்டுவிடுங்கள்.

சா சியு பாவ், சியோங் ஃபன்

சா சியு என்பது இனிப்பாகச் சுட்ட பன்றி இறைச்சி, பாவ் என்பது அதை உள்ளே வைத்த பன். ஆவியில் வெந்த சா சியு பாவ் உச்சியில் மூன்று நான்கு இதழாகப் பிளந்திருக்க வேண்டும். பிளவு அழகுக்காகக் கத்தியால் கீறியது கிடையாது. புளித்த தாய்மாவு, புரதம் குறைந்த வெள்ளை மைதா, பேக்கிங் பவுடர், அம்மோனியம் பைகார்பனேட் எல்லாம் சேர்ந்து, கடும் ஆவி பட்டதும் வாயு ஒரேயடியாகக் கிளம்பி மாவை வெடிக்க வைக்கிறது. ஆவி பலவீனமாக இருந்தாலோ, நடுவில் மூடியைத் திறந்தாலோ பிளவு வராமல் மொட்டையாக நிற்கும். பிட்டுப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக, மென்மையாக, லேசாக உதிரும் தன்மையோடு இருக்க வேண்டும். அண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் மாவு சரியாகப் புளிக்கவில்லை. மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி வந்தால் அளவு கூடிவிட்டது, அல்லது வேகும்போது அது முழுதாக வெளியேறவில்லை. அங்கங்கே மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் காரப்பொருள் சரியாகக் கலக்கவில்லை.

உள்ளே சா சியு இறைச்சி நகம் அளவுத் துண்டுகளாக, கொஞ்சம் கொழுப்போடு இருக்க வேண்டும். சிப்பிச் சாஸும் சோயாவும் சர்க்கரையும் சேர்ந்த குழம்பு அதைப் பூசிப் பிடித்திருக்க வேண்டும். சர்க்கரைப்பாகில் மிதக்கும் சிவப்புச் சாயத் துணுக்குகளைத் தருகிற கடைகள் ஏராளம். அவற்றை இனிப்புப் பாவ் என்று விற்றிருக்கலாம். மேலே சர்க்கரைப் பொருக்கோடு அவனில் சுட்ட பாவ் வேறு பண்டம். 2009இல் ஹாங்காங்கின் மோங் கொக்கில் தொடங்கி, உணவகங்களை மதிப்பிடும் மிச்செலின் வழிகாட்டியின் 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு நட்சத்திரம் பெற்ற டிம் ஹோ வான் என்ற உணவகம் அதைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. அதில் பார்க்க வேண்டியது பொருக்கு மெல்லியதாக நொறுங்குகிறதா, அடிப்பகுதி குழம்பில் ஊறாமல் இருக்கிறதா என்பதைத்தான்.

சியோங் ஃபன் என்ற அரிசித் தாள் சுருள் பார்ப்பதற்கு மிக எளியது. செய்வதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லாதது. அரிசி மாவோடு கொஞ்சம் கோதுமை ஸ்டார்ச்சும் சோள ஸ்டார்ச்சும் கலந்து, மாவின் எடையைப் போல் இரண்டரை மடங்கு தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைப்பார்கள். ஆவிப்பெட்டியின் தட்டிலோ, ஆவி மேல் விரித்த துணியிலோ ஊற்றினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். சுரண்டி எடுத்து இறாலையோ இறைச்சியையோ வைத்துச் சுருட்டுவார்கள். துணியில் ஊற்றியது இன்னும் மெல்லியதாக, வழுக்கும் பட்டாக வரும். நல்லதில் உள்ளிருக்கும் இறாலின் நிறம் வெளியே தெரியும், குச்சியால் தூக்கினால் அறுந்து விழாது, வாயில் போட்டதும் அரிசியின் மணம் வரும். தடித்து, களியாக இருந்தால் கரைசலில் தண்ணீர் போதவில்லை. மாவு கரைந்தபடி நிற்காமல் அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் கலக்கி ஊற்ற வேண்டும். கலக்காமல் ஊற்றினால் ஒரு சுருள் தண்ணீராகவும் அடுத்தது கனமாகவும் இருக்கும், ஒரே தட்டிலேயே. இனிப்புச் சோயாவை மேசையில் வைத்து ஊற்றும் கடை தாள் ஊறிப்போகாமல் இருக்க அக்கறைப்படுகிறது. பொரித்த மாவுக்குச்சியைத் தாளில் சுற்றித் தரும் வகையை வாங்கினால் நேரத்தையும் சேர்த்துச் சோதிக்கலாம். உள்ளே மொறுமொறுப்பு போயிருந்தால் தட்டு வெளியே வர நேரமாகியிருக்கிறது.

கோழிக்கால், வூ கோக்

கோழிக்காலைக் கண்டு பலர் தயங்குவார்கள். பொறுமையான சமையலறையைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நகம் வெட்டி, வெந்நீரில் போட்டெடுத்து, மால்ட்டோஸ் என்ற சர்க்கரைப்பாகு பூசி, உலர்த்தி, கொதிக்கும் எண்ணெயில் பொன்னிறமாகப் பொரிக்க வேண்டும். உடனே குளிர்ந்த நீரில் சில மணி நேரம் ஊறினால்தான் தோல் உப்பிச் சுருக்கம் விழும். பிறகு நட்சத்திர சோம்போடு மெல்லக் கொதித்து, கடைசியில் புளித்த கருப்புச் சோயா மொச்சையும் மிளகாயும் பூண்டும் சேர்ந்த சாஸில் புரட்டி ஆவியில் வேகும். உதட்டால் இழுத்தாலே தோல் எலும்பை விட்டு வர வேண்டும். சிறு எலும்புகள் மட்டும் வாயில் மிஞ்ச வேண்டும். தோல் தட்டையாக, எலும்போடு இறுகி இருந்தால் ஊறவைக்கும் படியைத் தாண்டிவிட்டார்கள். தொட்டவுடன் கரைந்து எலும்பும் நொறுங்கினால் கொதி அதிகம்.

எண்ணெய்ப் பிரிவுக்கு வூ கோக். நம் ஊர்ச் சேப்பங்கிழங்கின் பெரிய, மாவான இனத்தை ஆவியில் வேகவைத்து மசித்து, வெந்த கோதுமை ஸ்டார்ச்சும் பன்றிக் கொழுப்பும் கொஞ்சம் அம்மோனியம் பைகார்பனேட்டும் சேர்த்து, உள்ளே இறைச்சிப் பூரணம் வைத்துப் பொரிப்பது. 180 டிகிரி செல்சியஸ் அருகில் எண்ணெயில் இறங்கியதும் வெளிப்பரப்பு வெடித்து நுண்வலையாக விரிகிறது. சூடு குறைந்தால் மாவு எண்ணெயிலேயே கரைந்து உதிரும், கூடினால் வலை விரியாமல் மொழுமொழுவென்று கறுக்கும். கிழங்கில் ஈரம் நாளுக்கு நாள் மாறுவதால் கொழுப்பின் அளவையும் அன்றன்றைக்குப் பொரித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வலை மெல்லியதாக, விரல் பட்டால் உதிர்வதாக இருக்கிறதா, அடியில் உள்ள காகிதத்தில் எண்ணெய் குளமாகத் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே மாவுப்பூச்சு வெண்ணெயாக, பூரணம் சூடாக இருக்க வேண்டும். ஹா காவும் வூ கோக்கும் ஒரே நாளில் நன்றாக வந்தால் அந்தச் சமையலறையை நம்பி மீதியையும் வாங்கலாம் என்பது எங்கள் கணிப்பு.

முள்ளங்கிக் கேக் பற்றிச் சுருக்கமாக: கடித்தால் முள்ளங்கி நார் தெரிய வேண்டும். வெறும் அரிசி மாவுக் கட்டி என்றால் விலைக்குத் தகுந்த சரக்கு இல்லை. இரண்டு பக்கமும் அன்றைக்குப் பொரித்த பொருக்கு இருக்க வேண்டும்.

முட்டைத் தார்ட்

கடைசித் தட்டு அவனிலிருந்து. ஓடு இரண்டு வகை. அடுக்கடுக்கான ஓடு வாய் பட்டதும் சிதறும். பிஸ்கட் மாதிரியான ஓடு இறுகி நொறுங்கும். எது மேல் என்பது அவரவர் விருப்பம், ஆனால் எதுவானாலும் அடிப்பாகம் ஊறிப்போய் வெளுத்திருக்கக் கூடாது. அடுக்கு ஓட்டில் அடுக்குகள் ஒட்டிக் கிடந்தால், மாவையும் கொழுப்பையும் மடிக்கும்போது குளிர்ச்சி போய்க் கொழுப்பு மாவுக்குள் உருகிவிட்டது. நடுவில் இருக்கும் முட்டைக் கஸ்டர்ட் மின்ன வேண்டும், தட்டை அசைத்தால் மையம் லேசாக ஆட வேண்டும். மேலே குமிழ்களும் ஓட்டைகளும் இருந்தால் கலவையை வடிகட்டி நுரை நீக்கவில்லை. உப்பி எழுந்து பிறகு நடுவில் குழிந்திருந்தால் அவனின் சூடு அதிகம். ஹாங்காங் தார்ட்டின் மேற்புறம் கறுக்காது. கருகிய புள்ளிகளோடு வருவது மக்காவ் வகை. 1989இல் மக்காவின் கொலோவானில் தொடங்கிய லார்ட் ஸ்டோஸ் பேக்கரி அதைப் பரவலாக்கியது. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால் இரண்டுக்கும் அநியாயம். தார்ட் எப்போது அவனிலிருந்து வரும் என்று முதல் சீட்டைக் கொடுக்கும்போதே கேட்டு வையுங்கள். வெளியே வந்து பத்து நிமிடத்துக்குள் கையில் கிடைத்தால் ஓடு உடையும் சத்தம் கேட்கும்.